வீட்டுக்குள் ஒரு விவாதம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். வீட்டிலோ வேலையிடத்திலோ காப்பிக் கடையிலோ நாட்டு நடப்பு பேசும்போது எதில் உங்களுக்குள் முட்டிக்கொள்கிறது, அதை எழுதி அனுப்புங்கள் என்று. நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. வெயில், மின்கட்டணம், தேர்தல், காடு, கடல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் பேட்டைப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அதனால் முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

அண்ணே, உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடுதான். பெரிய நாடுகள் எல்லாம் புகையை விட்டுக்கொண்டிருக்க, நாம் எதற்குக் கரிம வரி கட்ட வேண்டும்? என் அண்ணன் "கட்டித்தான் ஆக வேண்டும்" என்கிறார். தீபாவளி அன்று சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இது பெரிய சண்டையாகிவிட்டது.
- உட்லண்ட்ஸ் வாசகர்

நீங்கள் சொல்லும் 0.1 சரியான கணக்குதான். அதில் உங்கள் அண்ணனும் உங்களோடு சண்டை போட முடியாது. ஆனால் வரி யார்மேல் விழுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வாயு வெளியிடும் பெரிய ஆலைகள்தான் இதை நேரடியாகக் கட்டுகின்றன. மின்நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயன ஆலைகள் இந்தக் கணக்கில் வரும். 2019ல் தொடங்கியபோது டன்னுக்கு 5 வெள்ளி. 2024ல் 25 வெள்ளி ஆனது. 2026ல் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை போகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நமக்கு அது மின்கட்டணத்தின் வழியாக வருகிறது. எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். இங்கே ஒரு யூனிட் மின்சாரம் தயாரித்தால் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. டன்னுக்கு 25 வெள்ளி என்றால் யூனிட்டுக்கு 1 காசு. நாலறை வீட்டில் மாதம் 400 யூனிட் ஓடுகிறது என்று வையுங்கள், 4 வெள்ளி. 2022ல் வரி உயர்வை அறிவித்தபோது அரசாங்கம் சொன்ன கணக்கும் ஏறக்குறைய இதுதான். 45 வெள்ளி என்றால் அதே வீட்டுக்கு 7 வெள்ளிக்குச் சற்று மேல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு யு-சேவ் என்ற அரசாங்கக் கட்டணத் தள்ளுபடி வருகிறது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தீபாவளிச் சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை போட்டது இந்தத் தொகைக்குத்தான்.

இப்போது என் பழைய வேலையிடத்துக்கு வாருங்கள். நான் சேர்ந்த காலத்தில் கொதிகலனுக்கு எரிபொருள், கனமான ஃபர்னஸ் எண்ணெய். கன்னங்கரேலென்று கூழ் மாதிரி இருக்கும். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். பர்னர் முனையில் கரி அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, துளை துளையாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு இரண்டு தரம் சோப்பு போட்டாலும் போகாது. மனைவி சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார். அப்போது யாராவது வந்து "இதை எல்லாம் மாற்றிவிடலாம்" என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

மாற்றினார்கள். 1992ல் மலேசியாவிலிருந்து குழாய் வழியாக எரிவாயு வந்தது. 2001ல் இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து, 2003ல் தென் சுமத்ராவிலிருந்து. 2013ல் ஜூரோங் தீவில் திரவ எரிவாயு முனையம் திறந்தார்கள். புதிய இயந்திரங்களில் முதலில் எரிவாயு ஒரு டர்பைனைச் சுழற்றும். அதிலிருந்து வெளியேறும் சூட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில் இன்னொரு டர்பைனையும் சுழற்றுவார்கள். ஒரே எரிபொருளில் இரண்டு வேலை. இன்று நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு எரிவாயுவில் இருந்து வருகிறது.

எண்ணெயைவிட எரிவாயு எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் புகைதான். அடுத்த படி ஏறுவதுதான் கஷ்டம். அணை கட்ட நமக்கு ஆறு இல்லை, காற்றாலை சுற்றுகிற அளவுக்குக் காற்று இல்லை, சூரியத் தகடு பரப்ப நிலம் இல்லை. லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக நீர்மின்சாரம் 2022ல் வரத் தொடங்கியது. 2035க்குள் 6 கிகாவாட் வெளியிலிருந்து வாங்குவது இலக்கு. இதற்கெல்லாம் காசு வேண்டும். புகைக்கு விலை இல்லாவிட்டால் எந்த ஆலை முதலாளியும் தானாக மாற மாட்டார். எரிவாயு மலிவாகவும் வசதியாகவும் வந்தது, அதனால்தான் எண்ணெயை விட்டோம். மனசாட்சிக்காக அல்ல. நான் கூடவே இருந்து பார்த்தவன்.

"நாம் சின்ன நாடு" என்கிற வாதத்துக்கு வருகிறேன். மாலத்தீவும் துவாலுவும் நம்மைவிடச் சின்னவை. அவற்றோடு சேர்ந்து சிங்கப்பூரும் சிறு தீவு நாடுகளின் கூட்டணியில் உறுப்பினர். பெரிய நாடுகளிடம் போய் "குறையுங்கள்" என்று கேட்கிற நாமே குறைக்காவிட்டால் அந்த மேசையில் நம் பேச்சு எடுபடாது. தலைக்கு எவ்வளவு என்று கணக்கெடுத்தால் நாம் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை.

அதனால் வரி வேண்டும் என்பதில் நான் உங்கள் அண்ணன் பக்கம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை நீங்கள் விட்டுவிடக் கூடாது. யு-சேவ் வீட்டுக்கு வருகிறது. உணவங்காடி நிலையத்தில் மீ கோரெங் கடை வைத்திருப்பவருடைய கடைக் கட்டணத்துக்கு அது வராது. அவர் தட்டுக்கு 20 காசு ஏற்றுவார், அதை நாம்தான் கொடுப்போம். இந்தப் பாரம் யார் தோளில் எவ்வளவு என்பதைப் பேசுங்கள். அதில் உங்கள் அண்ணன் உங்களோடு ஒத்துப்போவார் என்றே நினைக்கிறேன்.

என் தாத்தா செம்பவாங் பக்கம் கம்பத்தில் வளர்ந்தவர். "அந்தக் காலத்திலும் இதே வெயில்தான். பருவநிலை மாற்றம் எல்லாம் ஆளை மிரட்டுகிற பேச்சு" என்கிறார். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
- பொங்கோல் வாசகி

தாத்தா சொல்வதை முழுக்கத் தள்ளிவிடாதேம்மா. சிங்கப்பூரில் பதிவான மிக அதிக வெப்பம் 37 டிகிரி. அது 1983 ஏப்ரல் 17ஆம் தேதி தெங்காவில் பதிவானது. நாற்பது ஆண்டு கழித்து, 2023 மே 13ஆம் தேதி, அங் மோ கியோவில் அதே 37 டிகிரி திரும்ப வந்தது. ஆகவே "எங்கள் காலத்திலும் இந்த வெயில் அடித்தது" என்று அவர் சொன்னால் பதிவேடு அவர் பக்கம் நிற்கிறது.

ஆனால் ஒரு நாள் வெயிலை வைத்துப் பருவநிலையைச் சொல்ல முடியாது. ஆண்டு ஆண்டாகச் சராசரியைப் பார்க்க வேண்டும். உலக அளவில் 2024 வரையிலான பதிவுகளிலேயே அதிகச் சூடான பத்து ஆண்டுகள் எவை என்று எடுத்தால், 2015 முதல் 2024 வரை வரிசையாக வந்த பத்தும்தான். நடுவில் ஒன்றுகூட விடுபடவில்லை. இதைத் தாத்தாவின் ஞாபகத்தில் தேட முடியாது. யாருடைய ஞாபகத்திலும் சராசரி இருக்காது.

அவர் ஞாபகத்தில் வேறொன்று இருக்கும். அதைக் கேள். பகல் வெயிலைப் பற்றிக் கேட்காதே, ராத்திரியைப் பற்றிக் கேள். கம்பத்து வீட்டில் அத்தாப்புக் கூரை, பலகைச் சுவர், சுற்றிலும் ரம்புத்தான், பலா, தென்னை. பொழுது சாய்ந்தால் மண் ஆறிவிடும். மின்விசிறிகூட இல்லாமல் தூங்கினார்கள். விடியற்காலையில் எதைப் போர்த்திக்கொண்டார்கள் என்று கேள். கைலியா, கம்பளியா? இன்று உங்கள் புளோக்கில் நள்ளிரவுக்குச் சுவரில் கை வைத்துப் பார். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் ராத்திரியில்தான் வெளியே விடும். அதோடு வீட்டுக்கு வீடு ஏர்கான் கம்ப்ரசர் உள்ளே இருக்கும் சூட்டைத் தாழ்வாரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால்தான் கட்டடங்கள் நெருங்கிய இடங்கள், மரம் அடர்ந்த இடங்களைவிட ராத்திரியில் சில டிகிரி அதிகமாகச் சுடுகின்றன.

நீ கேட்கக் கேட்க அவரே சொல்லத் தொடங்குவார். உலகம் சூடாவது ஒரு பக்கம், நாம் மரத்தை வெட்டிக் கட்டடம் எழுப்பியது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்ததுதான் உன் படுக்கையறைச் சூடு. முதல் பாதியை நீ பாடத்தில் படித்திருக்கிறாய். இரண்டாவது பாதிக்கு அவர் கண்கண்ட சாட்சி. அவர் சொல்வதை கைப்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்.

பேரங்காடியில் பைக்கு 5 காசு வாங்குகிறார்கள். குப்பை கட்டிப் போடப் பை வேண்டாமா? இதனால் பூமி பிழைத்துவிடுமா?
- தோ பாயோ வாசகி

குப்பையைப் பையில் கட்டித்தான் புளோக்கின் குப்பைக் குழாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் கரப்பான் பூச்சி வரும். அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் மட்டும்தான் இந்தக் கட்டணம். ஈரச்சந்தையிலும் மளிகைக் கடையிலும் இல்லை. குப்பைக்குத் தேவையான பையை எடுங்கள், தேவைக்கு மேல் எடுக்காதீர்கள் என்பதுதான் நோக்கம். நம் குப்பையை எரித்த சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. நமக்கு இருக்கும் ஒரே குப்பை நிரப்புமிடம் அது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். 5 காசு சின்ன விஷயம், இதற்குமேல் இதில் சண்டை வேண்டாம்.

2025 தேர்தலில் மக்கள் செயல் கட்சிக்கு 65.57 விழுக்காட்டு வாக்கு, 97ல் 87 இடம். பாட்டாளிக் கட்சிக்கு 10 இடம். இது நியாயமாக எனக்குப் படவில்லை. பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் குழுத்தொகுதி முறையை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். அது இல்லாவிட்டால் நம் ஆட்கள் நாடாளுமன்றத்துக்குள் போகவே முடியாது என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
- புக்கிட் பாஞ்சாங் வாசகி

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. தனித்தனியாக எடுத்துக்கொள்வோம்.

வாக்கு விழுக்காடும் இட எண்ணிக்கையும் ஒத்துப்போகாததற்குக் குழுத்தொகுதி மட்டும் காரணம் இல்லை. தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் அந்த இடம் முழுவதும் அவருக்கே என்கிற முறை எங்கே இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். பிரிட்டனில் 2024ல் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கை வாங்கி 650ல் 411 இடத்தைப் பிடித்தது. அங்கே குழுத்தொகுதி கிடையாது. இதைச் சரிக்கட்டத்தான் நம் நாட்டில், நன்றாக வாக்கு வாங்கியும் தோற்ற எதிர்க்கட்சியினரை நாடாளுமன்றத்துக்குள் சேர்க்கும் தொகுதியில்லா உறுப்பினர் முறை இருக்கிறது. எதிர்க்கட்சிக்குக் குறைந்தது 12 பேர் என்கிற கணக்கில் பாட்டாளிக் கட்சிக்கு இரண்டு பேர் கூடுதலாகக் கிடைத்தார்கள்.

அடுத்தது உங்கள் கணவர் சொல்வது. 1988ல் குழுத்தொகுதி வந்தபோது ஒவ்வொன்றிலும் மூன்று பேர். அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு அது வளர்ந்து ஆறு பேர் வரை போனது. இப்போது 18 குழுத்தொகுதிகள், பத்தில் ஐந்து பேர், எட்டில் நான்கு பேர்.

சிறுபான்மையினர் தனியாக நின்று ஜெயிக்கவே முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1981ல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்னம் ஜெயித்தார். அப்போது குழுத்தொகுதியே இல்லை. 2016ல் புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில், அது தனித்தொகுதி, முரளி பிள்ளை ஜெயித்தார். 2023ல் நாடு முழுவதும் வாக்களித்த அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்தினத்துக்கு 70.4 விழுக்காடு கிடைத்தது. ஒருவர் ஆளும் கட்சியை எதிர்த்து நின்றவர், ஒருவர் ஆளும் கட்சிக்காரர், ஒருவர் கட்சியிலிருந்து விலகி அதிபர் தேர்தலுக்கு நின்றவர். மூன்று பேருமே சீனர்கள் பெரும்பான்மையாக உள்ள வாக்காளர்களிடம் போய் ஜெயித்தவர்கள்.

அதே நேரத்தில், கணவர் பயப்படுவதை நான் லேசாக எடுக்கவில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது பெயரைக் கேட்டதும் குரல் மாறியதைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த அனுபவம் உள்ளவர், "வாக்குச்சீட்டிலும் அப்படி நடந்துவிட்டால்?" என்று கேட்பது நியாயம். தர்மன் போன்ற பெரிய ஆளுக்குக் கிடைக்கிற வாக்கு, முதல் தடவை நிற்கிற ஒரு இளம் தமிழ்ப் பெண்ணுக்கும் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

என் கருத்தைக் கேட்டால், சிறுபான்மை உத்தரவாதம் இருக்கட்டும். ஆனால் அதற்கு ஐந்து பேர் கொண்ட அணி தேவை இல்லை. 1988ல் மூன்று பேரை வைத்தே அந்த நோக்கத்தை நிறைவேற்ற முடியும் என்று நினைத்தார்கள். அங்கேயே திரும்பிப் போகலாம். அணி சிறியதாக இருந்தால் யார் நம் உறுப்பினர் என்று மக்களுக்கு முகம் தெரியும். பெரிய அமைச்சரின் நிழலில் புதியவர் உள்ளே வந்துவிடுகிறார் என்கிற குறையும் குறையும். உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பல தேர்தல்களைப் பார்த்தபின் எனக்கு உண்மையாகவே படுவது இதுதான்.

யாருக்கு வாக்குப் போட்டாய் என்று மகனைக் கேட்டால் சொல்ல மறுக்கிறான். பெற்றவர்களிடம் என்ன ஒளிவு மறைவு? அதோடு, சீட்டில் எண் இருக்கிறதே, உண்மையிலேயே ரகசியம்தானா?
- ஈசூன் வாசகர்

மகன் சொல்லாதது அவன் உரிமை. கோபப்படாதீர்கள். எதற்காக அப்படி வாக்களித்தான் என்று கேட்டால் ஒருவேளை பேசுவான். யாருக்கு என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வான்.

சீட்டில் எண் இருப்பது கள்ளச் சீட்டு நுழையாமல் இருப்பதற்காக. எண்ணி முடித்ததும் எல்லாச் சீட்டுகளையும் முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டி வைப்பார்கள். பிறகு எரித்துவிடுவார்கள். இடையில் திறக்க நீதிமன்ற ஆணை வேண்டும். எண்ணும் இடத்தில் எல்லா வேட்பாளர்களின் முகவர்களும் நின்று பார்க்கிறார்கள். "யாருக்குப் போட்டாய் என்று தெரிந்துவிடும், வேலை போய்விடும்" என்று காப்பிக் கடையில் இன்னும் சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கு நாம் சொத்தாக எழுதிவைக்க வேண்டாம்.

ஐயா, எனக்குப் புதுக்கோட்டை. இங்கே கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டும் வேலை. மத்தியான வெயிலில் தலை சுற்றுகிறது. சூப்பர்வைசரிடம் சொன்னால் "எல்லாருக்கும்தான் வெயில்" என்கிறார். இந்த ஊர்க்காரர்கள் பருவநிலை பற்றிப் பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் கருத்துச் சொல்லலாமா?
- துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, வெயிலைப் பற்றிப் பேச உங்களைவிடத் தகுதி உள்ளவர் யார்? நான் கொதிகலன் பக்கத்தில் வேலை பார்த்தவன். சூட்டில் நிற்கும்போது முதலில் எரிச்சல் வரும், அப்புறம் குமட்டல், அப்புறம் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. தலை சுற்றினால் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதிகள் இருக்கின்றன. காற்றின் சூடு, ஈரப்பதம், காற்றோட்டம், வெயில் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிற ஒரு அளவு உண்டு, டபிள்யூபிஜிடி என்பார்கள். கட்டுமானத் தளத்தில் மணிக்கு ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும். அது 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம், 33ஐத் தொட்டால் 15 நிமிடம், நிழலில் ஓய்வு கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவர் உடம்பு பழகுவதற்கு முதல் ஏழு நாளாவது வேலையைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். இந்த அளவு மைஈஎன்வி செயலியில் யாருக்கும் தெரியும். சூப்பர்வைசரிடம் "எனக்கு முடியவில்லை" என்று சொல்வதைவிட, கைப்பேசியைக் காட்டி "இப்போது 33 இருக்கிறது அண்ணே" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் அமைச்சிடம் சொல்லலாம், வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலும் உதவி கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஹாங் லிம் பூங்காவில் நடக்கும் கூட்டங்களில் வெளிநாட்டவர் கலந்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கவில்லை. நண்பர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். இந்தப் பத்திக்கு எழுதுங்கள். நான் போடுகிறேன்.

கடலைத் தடுக்க 100 பில்லியன் வெள்ளியாம்! அதைப் பற்றுச்சீட்டாகக் கொடுத்தால் ஏழைகள் பிழைப்பார்களே?
- பிடோக் வாசகர்

2019ல் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அந்தத் தொகையைச் சொன்னார். 50 முதல் 100 ஆண்டு காலத்துக்கான செலவு அது. ஒரே ஆண்டில் எடுத்து வைக்கிற காசு இல்லை. நம் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள் இருக்கிறது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது 2024ல் வெளிவந்த ஆய்வின் கணக்கு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தோடு பெருமழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஈஸ்ட் கோஸ்ட்டில் நடக்கப் போகும்போது தண்ணீரைப் பார்த்து யோசியுங்கள். நீங்கள் பிடோக்கில் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துக் கரைக்கு வெளியேதான் லாங் ஐலண்ட் என்று ஏறக்குறைய 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு, அதையே கடலுக்கு அணையாகவும் மழைநீருக்கு நீர்த்தேக்கமாகவும் பயன்படுத்தத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஏழைக்கு உதவி வேண்டும் என்று நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் அடிபடுவது கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பவரும் தினக்கூலிக்காரரும்தான். வேண்டுமானால் இப்படிக் கேளுங்கள்: இந்தச் செலவில் இன்றைக்கு உழைப்பவர் பங்கு எவ்வளவு, நாளைக்கு அனுபவிக்கப் போகிறவர் பங்கு எவ்வளவு? 2021ல் வந்த ஒரு சட்டம், இப்படி நீண்ட காலம் பயன்தரும் கட்டுமானங்களுக்காக 90 பில்லியன் வெள்ளி வரை கடன் வாங்க அனுமதிக்கிறது. பேரன் காலத்துக்கும் நிற்கிற சுவருக்குப் பேரனும் கொஞ்சம் கட்டட்டும் என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. உங்களுக்கு வேறு மாதிரிப் படலாம். எழுதுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தாய்மாமா தினமும் ஏதாவது செய்தி போடுகிறார். பாதி பொய். திருத்தினால் "நேற்றுப் பிறந்தவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள்" என்கிறார். அம்மா என்னைத்தான் திட்டுகிறார்.
- செங்காங் வாசகி

குழுவில் திருத்தாதேம்மா. அத்தனை பேர் முன்னால் பெரியவர் பின்வாங்க மாட்டார். தனியாக ஒரு போன் போடு. "மாமா, இந்தப் படம் என்றைக்கு எடுத்தது?" என்று மட்டும் கேள். ஆர்ச்சர்ட் ரோடு 2010 ஜூனில் மூழ்கியது உண்மை. அந்தப் படத்தை இன்றைக்கு எடுத்ததாகச் சொல்லிப் போட்டால் அது பொய். அரசாங்கம் வடிகாலைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மாமா சொன்னால் அது அவர் கருத்து, சொல்லிவிட்டுப் போகட்டும். 2019ல் வந்த பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம்கூடக் கருத்தைத் தொடுவதில்லை, தகவல் பொய்யாக இருந்தால்தான் பாயும். மாமாவுடைய கருத்தில் நீ கை வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டால், தேதியைத் திருத்த விடுவார். அம்மாவிடமும் இதைச் சொல்லிவை.

நாங்கள் கல்யாணமாகி மாமனார் வீட்டில் ஒரே அறையில் இருக்கிறோம். பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்தபின் வீவக கட்டித் தரும் வீடு) காத்திருக்கிறோம். மனைவியோ காட்டை அழித்து வீடு கட்டக் கூடாது என்று மனு போடுகிறவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார். எனக்குக் கோபம் வருகிறது. அதோடு, இதை எல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?
- புக்கிட் பாத்தோக் வாசகர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கேட்டிருக்கிறார்கள். உபின் தீவில் செக் ஜாவா என்று ஒரு கடற்கரை. அதை மண் கொட்டி நிரப்புவதாக இருந்தது. தன்னார்வலர்கள் ஓதம் வற்றும் நேரம் பார்த்துப் போய், அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று குறித்து எடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், கடிதம் எழுதினார்கள். 2001 டிசம்பரில் அந்த வேலையைத் தள்ளிவைத்தார்கள். இன்று அங்கே பலகைப் பாதையில் நடந்து நட்சத்திர மீனைத் தேடலாம். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருக்கிறேன்.

ஆனால் உங்கள் வீட்டுச் சண்டைக்குப் பக்கத்தில் வருவது டோவர் காடு. ஏறக்குறைய 33 ஹெக்டர். வீவக அங்கே வீடு கட்டப் போகிறது என்று தெரிந்ததும் 2021 தொடக்கத்தில் பொதுமக்கள் கருத்துச் சொன்னார்கள். காட்டைத் தொடாதே என்றார்கள் ஒரு பக்கம். அம்மா அப்பா இருக்கும் பக்கத்தில் எங்களுக்கும் வீடு வேண்டும் என்றார்கள் இன்னொரு பக்கம். அந்த ஆண்டு ஜூலையில் முடிவு வந்தது. கிழக்குப் பாதியில் வீடு. உயிரினம் அதிகம் உள்ள மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை, அங்கே ஏறக்குறைய ஐந்து ஹெக்டரில் இயற்கைப் பூங்கா. இரண்டு பக்கத்துக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பேசியிருக்காவிட்டால் வரைபடத்தில் அந்தக் கோடு அந்த இடத்தில் விழுந்திருக்காது.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. மாமனார் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசி வாழ்வது எளிதல்ல. காட்டைக் காப்பாற்றச் சொல்கிறவர்களில் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் மனைவி அப்படி இல்லை. அதே அறையில் இருந்துகொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார். அவருக்கும் வீடு வேண்டும். எங்கே கட்டுவது என்பதில்தான் உங்களோடு வேறுபடுகிறார். பழைய தொழிற்பேட்டை, காலியான பள்ளிக்கூடம், குழிப்பந்துத் திடல் என்று காடு அல்லாத நிலமும் இருக்கிறது. புக்கிட் தீமா பழைய பந்தயத் திடலில் வீடு வரப்போகிறது. அங்கே யாரும் மரத்துக்காக இந்த அளவுக்கு அழவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் கட்டுவதற்குமுன் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். அடுத்த முறை அறிக்கை வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வரைபடப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். பிறகு தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். உங்கள் கடிதத்தில் எத்தனை ஆண்டாகக் காத்திருக்கிறீர்கள், எந்தப் பேட்டையில் வீடு கிடைத்தால் வேலைக்கும் பெற்றோருக்கும் வசதி என்று எழுதுங்கள். அவர் எந்த ஓடை, எந்த மரம், எதற்காக என்று எழுதட்டும். நகல் ஒன்று எனக்கும் அனுப்பினால் அடுத்த இதழில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன்.